பறந்தால் மட்டும் போதாது!

சூப்பர்மேன் படங்களுக்கு ஒரு பழைய ரசிகன் போடும் மார்க்

1938-ம் ஆண்டு மார்ச் மாதம். அமெரிக்காவில், ஓஹையோ மாகாணத்தைச் சேர்ந்த கிளீவ்லாந்து நகரத்து வாலிபர்கள் இரண்டு பேர் ஒரு பத்திரிகைக் கம்பெனிக்கு ஒரு மனிதனை விற்றார்கள். விலை 130 டாலர். அவன் பெயர், உடை, பலம், வருங்காலம் எல்லாம் அந்த விலைக்குள்ளே அடக்கம்!

பதற வேண்டாம். விற்கப்பட்டவன் நிஜ மனிதன் அல்ல, கற்பனை மனிதன்தான். வேற்றுக் கிரகத்தில் பிறந்து, பச்சைக் குழந்தையாக இந்தப் பூமிக்கு வந்து சேர்ந்து, துப்பாக்கித் தோட்டாவும் துளைக்க முடியாத உடம்போடு வளர்ந்த சூப்பர்மேன்தான் அவன். கதை எழுதியவர் ஜெர்ரி சீகல். படம் போட்டவர் ஜோ ஷூஸ்டர். இருவருக்கும் அப்போது வயது இருபத்து மூன்று.

கம்பெனி கொடுத்த செக்கில் வேறு வேலைகளுக்கான கூலியும் சேர்ந்து 412 டாலர் இருந்தது. அதிலே இருவர் பெயரையும் எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார்கள். அந்தச் செக் 2012-ல் ஏலத்துக்கு வந்தது. பழைய காகிதத்துக்குக் கிடைத்த விலை 1,60,000 டாலர்! சூப்பர்மேன் முதன்முதலில் தலைகாட்டிய பத்து சென்ட் சித்திரக்கதைப் பத்திரிகையின் பிரதி ஒன்று 2024-ல் 60 லட்சம் டாலருக்கு விலை போயிற்று.

பத்திரிகையில் பிறந்தவன் வானொலிக்குப் போனான். கார்ட்டூன் படங்களில் பறந்தான். கறுப்பு வெள்ளைத் தொடர் படங்களில் சண்டை போட்டான். டெலிவிஷனில் வீட்டுக்கு வீடு நுழைந்தான். 1978 முதல் கோடிக்கணக்கான டாலர் செலவில் எடுத்த பெரிய சினிமாப் படங்களுக்கே நாயகன் ஆனான்.

இந்தப் படங்களுக்கு மார்க் போடுவது யார்? முதலாளியைக் கேட்டால் வசூல் கணக்கைக் காட்டுவார். விமரிசகரைக் கேட்டால் டைரக்‌ஷனையும் படப்பிடிப்பையும் அலசுவார். ஆனால் இவர்களைவிடக் கண்டிப்பான பரீட்சை அதிகாரி ஒருவன் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் இருக்கிறான். சின்ன வயதிலிருந்து சித்திரக்கதை படித்து வளர்ந்த ரசிகன்தான் அவன்.

1978-ல் பத்து வயதுப் பையனாகத் தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு தியேட்டருக்குள் போன ஒருவனை நினைத்துக் கொள்ளுங்கள். 2025-ல் கடைசிப் படம் வந்தபோது அவனுக்கு வயது ஐம்பத்தேழு. ஒரு படத்தையும் விட்டவன் அல்ல. சித்திரக்கதை இதழ்களும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். அவன் கையிலே பேனாவைக் கொடுத்து மார்க் போடச் சொன்னால் எப்படிப் போடுவான்? பார்ப்போமா?

தராசு எது?

ஆச்சரியமான ஒரு விஷயம். பறப்பதற்காக அவன் அரை மார்க்கும் கொடுக்க மாட்டான்! காரணம் இருக்கிறது. 1938-ல் பிறந்த சூப்பர்மேனுக்குப் பறக்கவே தெரியாது. ஃபர்லாங்கு தூரத்தைத் தாண்டிக் குதிப்பான், இருபது மாடிக் கட்டடத்தை ஒரே தாவாகத் தாவுவான், அவ்வளவுதான். பறப்பது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட வித்தை. அவனுடைய பலத்தை உறிஞ்சுகிற கிரிப்டனைட் என்ற கல் கூட 1943-ல் வானொலி நாடகத்தில் வந்ததே ஒழிய, மூலக் கதையில் கிடையாது.

மூலக் கதையில் இருந்தது வேறு. முதல் இதழிலே சூப்பர்மேன் செய்த காரியங்களைப் பாருங்கள். செய்யாத கொலைக்காக மரண தண்டனை அடைய இருந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறான். மனைவியை அடிக்கிற ஒரு முரடனைப் பிடித்துச் சுவரில் மோதுகிறான். அரசியல்வாதியைக் கைக்குள் போட்டுக்கொண்ட தரகனை நடுநடுங்க வைக்கிறான். பொருளாதார மந்தத்தில் அமெரிக்கா தவித்துக்கொண்டிருந்த காலம் அது. ஏழை எளியவர்களுக்கு ஒரு பலசாலி துணை வேண்டியிருந்தது.

அவனைப் படைத்தவர்கள் பலசாலிகள் அல்ல. வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். கூச்ச சுபாவம் உள்ளவர்கள். ஷூஸ்டருக்குக் கண்பார்வை மட்டம். பள்ளிக்கூடத்தில் பெண்கள் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. சீகலின் தகப்பனார் துணிக்கடை வைத்திருந்தார். 1932-ல் கடைக்குள் திருடர்கள் புகுந்தபோது அந்த அதிர்ச்சியில் மாரடைப்பு வந்து அங்கேயே இறந்துபோனார். தோட்டா துளைக்காத மனிதனை அவருடைய மகன் ஏன் கனவு கண்டார் என்பதை ரசிகர்கள் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறார்கள்.

ஆகவே மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முதுகை வளைத்து, பத்திரிகைக் காரியாலயத்தில் திக்கித் திணறிப் பேசுகிற கிளார்க் கென்ட் வெறும் வேஷம் அல்ல. அந்த இரண்டு வாலிபர்களின் நிழல் அவன். பேருருவம் எடுக்கத் தெரிந்த அனுமார் அசோக வனத்தில் சின்னஞ்சிறு உருவத்தில் பணிந்து நின்றாரே, அந்த அழகு இதிலே இருக்கிறது.

இதுதான் ரசிகனின் தராசு. எல்லாம் செய்ய முடிந்தவன், யாருக்காகச் செய்கிறான்? எதைச் செய்யாமல் அடக்கிக்கொள்கிறான்? தன்னாலும் ஆகாதது ஒன்று உண்டு என்று தெரிந்தபோது எப்படி நடந்துகொள்கிறான்? மூன்று கேள்விகள். இனி விடைத்தாள்களைத் திருத்தலாம்.

முதல் வகுப்பு: 1978

ரிச்சர்ட் டோனர் டைரக்ட் செய்த "சூப்பர்மேன்" 1978 டிசம்பரில் வெளிவந்தது. ஐந்தரைக் கோடி டாலர் செலவு. தகப்பனாராகச் சிறிது நேரமே வந்துபோன மார்லன் பிராண்டோவுக்கு 37 லட்சம் டாலர் சம்பளம், லாபத்தில் பங்கு வேறு! நாயகன் கிறிஸ்டோபர் ரீவ் அதிகம் பேருக்குத் தெரியாத இளைஞர். ஒல்லியாக இருந்தவர் தேகப்பயிற்சி செய்து உடம்பை ஏற்றினார். விமானம் ஓட்டத் தெரிந்தவர் ஆகையால், கம்பியிலே தொங்கும்போதும் காற்றில் சாய்ந்து திரும்புவது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பறக்கும் காட்சிகளுக்காக இந்தப் படத்துக்கு ஆஸ்கார் விசேஷப் பரிசு கிடைத்தது. ஆனால் ரசிகன் மார்க் போடுகிற காட்சி வேறு. நிருபர் லோயிஸ் லேனின் வீடு. அவள் உள்ளே போயிருக்கிறாள். கிளார்க் கூடத்தில் தனியாக நிற்கிறான். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு சபலம். கண்ணாடியைக் கழற்றுகிறான். முதுகு நிமிர்கிறது. தோள் விரிகிறது. குரல் கனக்கிறது. ஒரே நொடியில் வேறு மனிதன்! அடுத்த நொடியில் தைரியம் போய்விடுகிறது. கண்ணாடி மூக்குக்குத் திரும்புகிறது. தோள் சரிகிறது. தந்திரக் காட்சி ஏதும் இல்லை. ஒரு நடிகரின் முதுகெலும்பு செய்த வேலை அது!

இன்னொன்று. நகரத்தில் அவன் முதன்முதலாகத் தோன்றுகிற இரவிலே, விழுகிற ஹெலிகாப்டரைத் தாங்குகிறான், திருடர்களைப் பிடிக்கிறான், அதோடு மரத்தில் மாட்டிக்கொண்ட பூனையை இறக்கி ஒரு சிறுமியிடம் கொடுக்கிறான். ஹெலிகாப்டருக்குக் கொடுத்த அதே கவனம் பூனைக்கும்!

வளர்த்த தகப்பனார் மாரடைப்பால் சாய்ந்துபோகிற கட்டம் எல்லாவற்றுக்கும் சிகரம். இவ்வளவு சக்தி இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று மகன் கலங்குகிறான். சீகலின் வீட்டுச் சோகம் தெரிந்தவர்களுக்கு அந்த இடத்தில் நெஞ்சு அடைக்கும்.

குறை இல்லையா? உண்டு. முடிவிலே இறந்துபோன காதலியைப் பிழைக்க வைப்பதற்காகப் பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னுக்குத் திருப்பிவிடுகிறான். தகப்பனார் சாவிலே கற்ற பாடம் அங்கே கரைந்துபோகிறது. அதற்காகப் பதினைந்து மார்க் வெட்டு. நூற்றுக்கு 85.

இரண்டு கைகள் சமைத்த படம்: 1980

இரண்டாவது படத்தில் பெரும்பகுதியை டோனர் முதல் படத்தோடு சேர்த்தே எடுத்திருந்தார். தயாரிப்பாளர்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அவரை விலக்கிவிட்டு ரிச்சர்ட் லெஸ்டரைக் கொண்டு முடித்தார்கள். 1980-ல் சில நாடுகளில் வெளிவந்த படம், 1981-ல்தான் அமெரிக்காவுக்கு வந்தது. டோனர் எடுத்த பகுதிகளைத் திரட்டிச் சேர்த்த மற்றொரு வடிவம் 2006-ல் வெளியாயிற்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது ரசிகர்களுக்கு ஒரு தனிப் பொழுதுபோக்கு.

கதை நல்ல கதை. காதலுக்காகச் சக்தியைத் துறக்கிறான் நாயகன். உடனே ஒரு சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் லாரிக்காரன் ஒருவனிடம் உதை வாங்குகிறான். தன் ரத்தத்தைத் தானே முதல் தடவையாகப் பார்க்கிறான். பிறகு தன் கிரகத்துக் கொடியவர்கள் மூவரோடு நகரத்தில் போர் நடக்கிறது. ஜனங்களுக்கு ஆபத்து என்று கண்டதும் சண்டையை விட்டுவிட்டு ஊருக்கு வெளியே பறந்துவிடுகிறான். கோழை என்று பெயர் வந்தாலும் பரவாயில்லை என்று போகிறானே, அதற்கு முழு மார்க்!

ஆனால் கடைசியில் அதே லாரிக்காரனைத் தேடிப்போய்ப் பழி வாங்குகிறான். கொட்டகை சிரித்தது, பதின்மூன்று வயதுப் பையனும் கை தட்டினான். ஐம்பத்தேழு வயதில் யோசித்தால் கை தட்டத் தோன்றவில்லை. பலசாலிக்குப் பழி எதற்கு? நூற்றுக்கு 70.

சறுக்கல்கள்: 1983, 1987

மூன்றாவது படத்தில் ஹாஸ்ய நடிகர் ரிச்சர்ட் பிரையரைச் சேர்த்தார்கள். படம் சூப்பர்மேனுடையதா, அவருடையதா என்று சந்தேகம் வந்துவிட்டது. லோயிஸ் லேன் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இருந்தாலும் ஒரு கட்டம் படத்தைக் காப்பாற்றுகிறது. கலப்படக் கிரிப்டனைட்டினால் சூப்பர்மேன் கெட்டுப்போகிறான். பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தை நிமிர்த்தி வைத்து விஷமம் செய்கிறான், மதுக்கடையில் குடிக்கிறான். முடிவில் பழைய இரும்புக் கிடங்கில் அவன் இரண்டாகப் பிரிகிறான். கெட்ட சூப்பர்மேனோடு சாதுவான கிளார்க் கென்ட் மல்லுக்கு நின்று ஜெயிக்கிறான்! அந்த ஐந்து நிமிஷத்துக்காகவே 40 மார்க்.

நான்காவது படத்தின் கதையில் ரீவுக்கே பங்கு உண்டு. அணுகுண்டுகளை ஒழிக்க வேண்டும் என்று ஒரு பள்ளிச் சிறுவன் கடிதம் எழுதுகிறான். சூப்பர்மேன் ஏவுகணைகளையெல்லாம் பெரிய வலையில் வாரிச் சூரியனுக்குள் எறிகிறான். எண்ணம் உயர்ந்தது. ஆனால் கம்பெனி பணத்தை வெட்டிவிட்டது. நியூயார்க்கின் ஐக்கிய நாடுகள் சபைக்குப் பதில் இங்கிலாந்தில் மில்ட்டன் கீன்ஸ் என்ற ஊரைக் காட்டினார்கள். பறக்கிற காட்சி ஒன்றையே திரும்பத் திரும்ப ஒட்டினார்கள். கண்ணின் ஒளியினாலே சீனப் பெருஞ்சுவரைக் கட்டி முடிக்கிற புது வித்தையைப் பார்த்து, இது எந்த இதழில் வந்தது என்று ரசிகர்கள் தலையைச் சொறிந்தார்கள். விண்வெளியில் ஒரு பெண் கவசம் எதுவும் இல்லாமல் மூச்சு விடுகிறாள்!

சமாதானத்தைத் தன்னால் தூக்கிக் கொடுக்க முடியாது, ஜனங்கள்தான் விரும்பிப் பெற வேண்டும் என்று முடிவில் நாயகன் உணர்கிறான். தன்னால் ஆகாதது ஒன்று உண்டு என்று தெரிந்துகொண்டதற்காக 20 மார்க். அதற்குமேல் தர மனம் வரவில்லை.

விழுந்தவர் எழுந்தார்

1995 மே மாதம் கிறிஸ்டோபர் ரீவ் குதிரைப் பந்தயத் தாண்டலின்போது கீழே விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்தது. மூச்சு விடவே யந்திரம் வேண்டியிருந்தது. அந்த நிலையிலும் சக்கர நாற்காலியில் மேடை ஏறினார். தண்டுவடக் காயத்துக்கு வைத்தியம் கண்டுபிடிக்கப் பணம் திரட்டினார். 2004 அக்டோபரில் இறக்கும் வரையில் ஓயவில்லை. படத்திலே அவர் போட்ட உடையைப் பார்த்து மார்க் போட்டவர்கள், நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து எழுந்து நின்றார்கள். அதற்கு மார்க் போடும் தாள் இல்லை.

திரும்பி வந்தவனும், இரும்பு மனிதனும்

2006-ல் பிரையன் சிங்கர் எடுத்த "சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்" படத்தை ரீவுக்கும் அவர் மனைவிக்கும் சமர்ப்பணம் செய்தார்கள். பிராண்டன் ரௌத் நாயகன். எரிந்து விழுகிற விமானத்தை பேஸ்பால் மைதானத்தில் பூப்போல இறக்கி வைக்கிற காட்சி பிரமாதம். ஆனால் ஐந்து வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டு வந்தவன், லோயிஸ் வீட்டுச் சுவருக்குள் கண்ணை விட்டு எட்டிப் பார்க்கலாமா? முப்பத்தெட்டு வயது ரசிகனுக்கு அது கண்ணியமாகப் படவில்லை. பழைய படத்தின் எதிரொலியாகவே நின்றுவிட்ட இதற்கு 55.

2013-ல் ஸாக் ஸ்னைடர் எடுத்த "மேன் ஆஃப் ஸ்டீல்" ரசிகர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டது. நாயகன் ஹென்றி காவில் கம்பீரமாக இருந்தார். ஆனால் சண்டையிலே நகரத்தில் பாதி தூளாகிறது. ஜனங்களைக் காப்பாற்ற ஊரை விட்டுப் பறந்த 1980-ம் வருஷத்து நாயகனை நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக வில்லன் ஸாடின் கழுத்தை முறித்துக் கொன்றுவிட்டுக் கதறுகிறான். "சூப்பர்மேன் கொல்லலாமா?" என்று கூச்சல் கிளம்பிற்று. சித்திரக்கதையைக் கரைத்துக் குடித்த ரசிகன் அவசரப்படவில்லை. 1988-ல் பத்திரிகையிலேயே சூப்பர்மேன் மூன்று குற்றவாளிகளைக் கொன்றிருக்கிறான். அந்தப் பாவம் உறுத்தி, பூமியை விட்டே போய் அலைந்திருக்கிறான். ஆகவே கொன்றது மட்டும் குறை அல்ல. கொன்ற பிறகு அந்தச் சுமையைப் படம் சட்டென்று இறக்கி வைத்துவிட்டதுதான் குறை.

அதைவிட உறுத்தியது தகப்பனார் சாவு. சூறாவளியில் அகப்பட்ட தகப்பனார், ரகசியம் வெளிப்பட்டுவிடும் என்று கையைக் காட்டித் தடுக்கிறார். மகன் நின்றுவிடுகிறான். 1978-ல் காப்பாற்ற முடியாமல் போயிற்று. 2013-ல் காப்பாற்ற முடிந்தும் நடக்கவில்லை. இரண்டும் ஒன்றாகுமா? 50 மார்க்.

அணிலுக்கும் இடம் உண்டு: 2025

2025 ஜூலையில் ஜேம்ஸ் கன் எடுத்த "சூப்பர்மேன்" வந்தது. டேவிட் கொரன்ஸ்வெட் நாயகன். படம் தொடங்கும்போதே தோற்றுப்போய்ப் பனியில் ரத்தத்தோடு கிடக்கிறான். கிரிப்டோ என்ற அடங்காத நாய் வந்து இழுத்துப் போகிறது. பெரிய பூதம் ஒன்று ஊரை மிதிக்கிற நடுவிலே, காலடியில் அகப்பட இருந்த ஓர் அணிலைத் தூக்கி மரத்தில் விடுகிறான். 1978-ல் பூனை, 2025-ல் அணில்! பத்து வயதுப் பையன் ஐம்பத்தேழு வயது மனிதனுக்குள்ளே எழுந்து உட்கார்ந்த இடம் அது.

பெற்றவர்கள் விட்டுச் சென்ற செய்தி, பூமியை அடக்கி ஆளச் சொல்கிறது என்று தெரிந்து மனம் உடைகிறான். அப்போது தேற்றுகிறவர் வளர்த்த தகப்பனார், ஒரு சாதாரணக் குடியானவர். பிறப்பு அல்ல, நடத்தையே மனிதனைத் தீர்மானிக்கிறது என்று படம் தேறுகிறது. கூட்டம் அதிகம், வேறு வீரர்கள் அதிகம், இரைச்சலும் அதிகம். அதற்குக் கழித்தது போக 80.

இந்தப் படத்தில் டெலிவிஷன் நிருபராக ஒரு கணம் வந்து போகிறவர் வில் ரீவ். கிறிஸ்டோபர் ரீவின் மகன். தெரிந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மார்க் போட மறந்த விடைத்தாள்

எல்லாப் படங்களுக்கும் மார்க் போட்டாயிற்று. சூப்பர்மேனை வாங்கிய கம்பெனிக்கு?

1947-ல் சீகலும் ஷூஸ்டரும் உரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். அதோடு வேலை போயிற்று; பத்திரிகையில் அவர்கள் பெயரும் போயிற்று. 1975-ல் பெரிய படம் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, சீகல் லாஸ் ஏஞ்சல்ஸில் குமாஸ்தா. ஷூஸ்டருக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்டது. பொறுக்க முடியாத சீகல், அந்தப் படத்தைச் சபித்துப் பத்திரிகைகளுக்கு எழுதினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்ஸன் முதலிய சித்திரக்காரர்கள் அவர்களுக்காகக் கிளம்பினார்கள். 1975 டிசம்பரில் கம்பெனி இறங்கி வந்தது. ஆளுக்கு வருஷத்துக்கு 20,000 டாலர். அதோடு படைத்தவர்கள் என்ற பெயரும். ஆகவேதான் 1978-ம் வருஷப் படத்தின் தொடக்கத்தில் அந்த இரண்டு பெயர்களும் திரையிலே மின்னின. ஷூஸ்டர் 1992-லும் சீகல் 1996-லும் காலமானார்கள். வாரிசுகளின் வழக்குகள் பிறகும் பல வருஷம் இழுத்தன.

எளியவனுக்கு அநியாயம் நடந்தால் ஓடி வருகிறவன் சூப்பர்மேன். அவனைப் படைத்தவர்களுக்கு அநியாயம் நடந்தபோது அவன் வரவில்லை. வந்தவர்கள் சாதாரண மனிதர்கள்; கண்ணாடி போட்ட கிளார்க் கென்டுகள்!

கிளீவ்லாந்தில் சீகல் குடியிருந்த வீடு பாழடைந்து கிடந்தது. 2008-ல் ரசிகர்களே பணம் திரட்டினார்கள். வீடு பழுது பார்க்கப்பட்டது. 2024-ல் புதுப் படத்துக்காக அதே கிளீவ்லாந்தின் வீதிகளில் படப்பிடிப்பு நடந்தது. 130 டாலருக்கு விலை போனவன், தான் பிறந்த ஊர் வானத்துக்குத் திரும்பி வந்தான்.

அந்த வீட்டுக்கு ஓட்டு மாற்றியவர்களுக்குப் பறக்கத் தெரியாது. மார்க் போடுகிற ரசிகன் முழு மார்க் போடுவதாக இருந்தால், அவர்களுக்குத்தான் போடுவான்.